பலாக்கட்டையில் ஒரு பேஸ் கிடார்

ராகவனால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது காது கெட்ட பிறகுதான். அதற்கு முன்னால், வேலை முடிந்து ஸ்ரீரங்கம் வந்ததும் கைகால் அலம்பிக்கொண்டு வயலினை எடுப்பான். "தளிகை ஆறிப் போறது" என்று வைஜயந்தி இரண்டு தடவை வந்து சொன்ன பிறகுதான் எழுந்திருப்பான்.

முழுப்பெயர் ஸ்ரீனிவாசராகவன். அரியமங்கலம் பக்கத்தில் கொதிகலன் செய்கிற ஒரு பட்டறையில் வரைபடம் போடுகிற வேலை. தான் போட்ட கோட்டின்படி துளை விழுந்திருக்கிறதா என்று கொதிகலனுக்குள்ளேயே புகுந்து பார்ப்பது அவன் வழக்கம். வெளியே சம்மட்டியால் ரிவெட் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே இருப்பவனுக்கு அது கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்ட மாதிரி. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சில நாள் வைத்துக்கொண்டான், பல நாள் மறந்தான்.

முதலில் போனது குருவிச் சத்தம். போனதே அவனுக்குத் தெரியவில்லை. பிறகு பால்காரனின் சைக்கிள் மணி. பிறகு ஒரு சாயங்காலம் வயலினில் மேல் ஷட்ஜத்தைத் தாண்டி விரல் ஏற ஏற, வில் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை. கம்பியை மாற்றினான். வில்லுக்கு ரோசின் தேய்த்தான். கடைசியில் வைஜயந்தியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தான்.

"இப்ப கேக்கறதா?"

"நன்னா கேக்கறதே."

"இப்ப?"

"கேக்கறது. ஏன் இப்படிப் பார்க்கறேள்?"

அவன் வில்லைப் பாயில் வைத்தான். அதற்கப்புறம் அந்த வயலினைத் திறக்கவில்லை.

தில்லைநகரில் ஒரு காது டாக்டர், சுத்தியலும் இசைக்கவையும் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கீழ்ச் சத்தம் இருக்கு. மேல் சத்தம் போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்திக்குங்க." பட்டறையில் அவனை வரைபட மேஜையோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் போன சத்தங்களுக்குப் பதிலாக ஒரு ரீங்காரம் காதுக்குள் குடிவந்திருந்தது. மழைக்காலத்துப் பூச்சி மாதிரி ஓயாத சத்தம். வீடு அடங்கினால் அது பெரிதாகும். அதனால் அவன் அமைதியான இடத்தில் இருக்கவே பயந்தான். சாப்பிட்ட கையோடு கிளம்பி அம்மாமண்டபம் போவான், அங்கிருந்து காவிரிப் பாலம், பாலத்தைத் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டு. பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்கிற இடத்தில் நின்றால் கொஞ்சம் தேவலை. ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் சூட்டில் உட்கார்ந்துகொண்டு, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வருவான்.

பேச்சும் குழம்பியது. "சர்க்கரை தீர்ந்துடுத்து" என்பாள் வைஜயந்தி. "அக்கரையிலயா? யாரு?" என்பான். முதலில் இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் மட்டும் சிரித்தாள். அப்புறம் அவளும் சிரிப்பதை விட்டுவிட்டு, அவன் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசக் கற்றுக்கொண்டாள்.

அறுபத்தாறாம் வருஷக் கடைசியில், பட்டறையில் கணக்கு எழுதுகிற அருள்நாதன் அவனைப் பொன்மலைக்கு இழுத்துக்கொண்டு போனான். அருள்நாதனுக்குப் பாலக்கரையில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கல்யாணம், கோயில் திருவிழா, மாதா தேர் எல்லாவற்றுக்கும் போவார்கள். பொன்மலை ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் பெங்களூரிலிருந்து வந்த பையன்கள் இங்கிலீஷ் பாட்டு வாசிக்கிறார்கள் என்று சொல்லி அழைத்தான்.

"எனக்கு எதுக்கு அருள்? காது கேக்காதவனைக் கச்சேரிக்குக் கூப்பிடற."

"சும்மா வாங்க சார். வீட்ல இருந்தாலும் நடந்துக்கிட்டுத்தானே இருப்பீங்க. இங்க நடங்க."

கூடம் முழுக்க ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு அவனுக்குக் கஞ்சித் தண்ணி மாதிரிக் கலங்கலாக வந்தது. கூட்டம் நெருக்கவே, மேடை ஓரம் ஒதுங்கி, ஒரு பெரிய மரப்பெட்டியில் சாய்ந்துகொண்டான். அது ஒலிபெருக்கிப் பெட்டி. சாய்ந்த மாத்திரத்தில் அவன் முதுகெலும்பில் ஒரு ஸ்வரம் இறங்கியது. திடுக்கிட்டுத் திரும்பினான். மறுபடி சாய்ந்தான். தெளிவான, உருண்டையான ஸ்வரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக விலாவுக்குள் நடந்து போயின. பின்னால் நின்றிருந்த பையன் ஒருவன் நீண்ட கழுத்துள்ள கிடாரில் நாலே நாலு தடிக் கம்பிகளை மீட்டிக்கொண்டிருந்தான். கச்சேரி முடிகிறவரை ராகவன் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. வெளியே வந்ததும் அருள்நாதனின் கையைப் பிடித்தான்.

"அது என்ன வாத்தியம்?"

"பேஸ் கிடார் சார். எலெக்ட்ரிக். நம்ம ஊர்ல யார்கிட்டயும் கிடையாது. வெளிநாட்டுச் சாமான்."

"மரமும் கம்பியும்தானே?"

"கம்பியும் மரமும் கரண்டும்."

"நான் பண்றேன்."

மறுநாள் அருள்நாதன் கொண்டுவந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகைப் படத்தை வைத்துக்கொண்டு, ராகவன் முழு அளவில் வரைந்தான். வைஜயந்தி குனிந்து பார்த்தாள்.

"நம்மாத்துல இதை யார் வாசிக்கப் போறா?"

"நான்தான்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு காரியத்துக்காக உட்கார்ந்திருக்கிறார், உட்காரட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஆனால் அவன் உட்காரவா செய்தான்? உறையூர் மரக்கடையில் பலாக்கட்டை ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று தடவை போனான். வீணைக்கு ஆகும் மரம் இதற்கு ஆகாதா என்று அவன் எண்ணம். வயலின் மாதிரிக் குடைய வேண்டியதில்லை, முழுக்கட்டையாகவே இருக்கலாம் என்பது அவனுக்கு முதலில் அவமானமாகவே இருந்தது. கிணற்றடியில் மேஜை போட்டு ரம்பத்தால் அறுத்தான், உளியால் செதுக்கினான், இழைப்புளி போட்டான். அறுக்கிற சத்தம் அவனுக்குப் பாதிதான் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா சௌரிராஜனுக்கு முழுசாகக் கேட்டது.

"என்னடா ராகவா, பலகையா அறுக்கறே? யாருக்குத் தொட்டில்?" என்று மதில் மேலாக எட்டிப் பார்த்தார்.

கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் குழந்தை இல்லாத வீடு அது. வைஜயந்தி துணி அலசுவதை நிறுத்தினாள். ராகவனுக்கு அந்த வார்த்தை சரியாகக் காதில் விழவில்லை. "கட்டிலா? இல்லை பெரியப்பா, வாத்தியம்" என்றான். அவள் மறுபடி துணியை அலசத் தொடங்கினாள்.

கம்பி எங்கும் கிடைக்கவில்லை. கன்டோன்மென்டில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது, கறையான் அரித்த பியானோ ஒன்று வெளியே கிடப்பதாக அருள்நாதன் தகவல் கொண்டுவந்தான். அதன் கீழ்ப்பக்கக் கம்பிகள் எஃகின் மேல் செம்பு சுற்றியவை. சுருட்டிக்கொண்டு வந்தார்கள். கம்பியை முறுக்குகிற பிருடைகளை ராகவனே வரைந்து கொடுத்து, பாலக்கரை லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினான்.

கழுத்து தேக்கில். கம்பிகளைக் கட்டி, முறுக்கி, ஸ்ருதிக்குப் பக்கத்தில் கொண்டுவந்த அன்றே கழுத்து வில்லாக வளைந்தது. காலையில் பார்த்தால் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே விரலே நுழையும். ராகவன் அதைக் கழற்றிக் கிணற்றடியில் எறிந்துவிட்டு வெளியே போனான். சாயங்காலம்தான் வந்தான். வரும்போது தோளில் நீள எஃகுப் பட்டை ஒன்று. "கொதிகலனுக்கே முட்டுக் கொடுக்கறோம். இதுக்குக் கொடுக்க மாட்டேனா?" புதுக் கழுத்தின் முதுகில் பள்ளம் பறித்து, பட்டையைச் செங்குத்தாக இறக்கி, மேலே மரத்தால் மூடினான். அது வளையவில்லை. ஆனால் கழுத்து உலக்கை மாதிரித் தடித்துப் போனது.

அடுத்தது மெட்டு. வீணையில் போல விரல் வைக்கிற இடத்தில் பித்தளைக் கம்பிகள் பதிக்க வேண்டும். வயலின்காரனுக்கு மெட்டு எதற்கு, காதுதான் மெட்டு என்று முதலில் வீம்பாக இருந்தான். மொட்டைக் கழுத்தில் விரலை ஓட்டிப் பார்த்தான். வைஜயந்தி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை."

"சொல்லு" என்றான்.

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி விழறது."

அவன் முகம் சுருங்கியது. "கண் தெரியாதவனுக்குக் கைத்தடி. எனக்கு மெட்டு. அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே அளவுகோலை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டான்.

மின்சார பாகத்துக்குச் சத்திரத்துக்கருகில் மைக் செட் கடை வைத்திருந்த அழகிரியிடம் போனான். அழகிரி எதையும் உடனே நம்புகிறவர் இல்லை. "காந்தத்துல கம்பிய சுத்தி, அது மேல இரும்புக் கம்பி ஆடுனா கரண்டு வரும். வராதுன்னு சொல்லல. ஆனா அது பாட்டு மாதிரி இருக்குமா, தவளை மாதிரி இருக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றார். சைக்கிள் டைனமோ ஒன்றை உடைத்துக் காந்தம் எடுத்துக் கொடுத்தார். தலைமுடியைவிட மெல்லிய எனாமல் கம்பியை ஒரு உருளை கொடுத்தார்.

அதைச் சுற்றுவதற்கு வைஜயந்தியின் தையல் மெஷின்தான் உதவியது. நூல்கண்டு சுற்றுகிற இடத்தில் ராகவன் காந்தத்தைப் பொதிந்த அட்டைச் சட்டத்தை மாட்டினான். அவன் கம்பியை விரலிடுக்கில் விட, அவள் சக்கரத்தைச் சுற்றினாள். அவன் கொஞ்சம் இழுத்தாலும் கம்பி அறுந்தது. அறுந்த ஒவ்வொரு தடவையும் அவன் எழுந்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான்.

"நீங்க சக்கரத்தைச் சுத்துங்கோ. கம்பியை நான் விடறேன்" என்றாள் அவள்.

அதற்கப்புறம் அறுபடவில்லை.

அழகிரியின் ஆம்ப்ளிஃபயரையும் மரப்பெட்டியில் அடைத்த ஒலிபெருக்கியையும் ஜட்கா வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் பெட்டி இரைந்தது. ராகவன் தடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். மாடத்திலிருந்த வெள்ளி வட்டில் நடுங்கியது. அவன் அந்தப் பலாக்கட்டையின் விளிம்பில் தாடையை வைத்து அழுத்திக்கொண்டு மறுபடி மீட்டினான். ஸ்வரம் தாடை வழியே ஏறித் தலைக்குள் நிறைந்தது. ரீங்காரம் எங்கோ ஒதுங்கிக்கொண்டது. வைஜயந்தி பார்த்தபோது அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து மரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் தோன்றாமல் வாசித்துக்கொண்டேயிருந்தான்.

அதன் பிறகு ஸ்ருதி சேர்க்கிற வேலை. கணக்குப்படி எல்லா மெட்டும் சரியாக இருந்தது. கம்பியை அழுத்தும்போது ஸ்வரம் கொஞ்சம் ஏறிவிடும் என்பது கணக்கில் இல்லை. அதைக் கேட்க ராகவனால் முடியவில்லை. தினமும் அவன் வேலையிலிருந்து வருவதற்குள் வைஜயந்தி கிடாரை மடியில் படுக்க வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு மெட்டாக வாசித்துப் பார்த்து, தவறுகிற இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்திருப்பாள். அவன் வந்து, கம்பிகளைத் தாங்குகிற குதிரையைத் தள்ளுவான், மெட்டை அரத்தால் ராவுவான். அவள் மறுபடி வாசிப்பாள். சிறுவயதிலிருந்து பாடியவள். அருள்நாதன் பாடமாகக் கொடுத்துவிட்டுப் போகிற பாட்டுகளைத்தான் சோதனைக்கு எடுத்துக்கொண்டாள், வெறும் ஸ்வரத்தை எத்தனை தடவை தட்டுவது? அவளுக்கே தெரியாமல் அவள் விரல்நுனி காய்த்துப் போயிருந்தது.

ராகவனையும் குழுவில் சேர்த்துக்கொண்டு, பாலக்கரையில், அருள்நாதன் வீட்டு மாடியில் ஒத்திகை நடந்தது. பாடுகிறவன் சகாயநாதன், நல்ல குரல். தபலா, பாங்கோஸ், அக்கார்டியன், அருள்நாதனின் கிடார். மாடி பலகைத் தளம் என்பதால் தாளம் ராகவனின் காலடிக்கு வந்துவிடும். இரண்டு மூன்று பாட்டு நன்றாகவே போனது. சகாயநாதன் இழுத்துப் பாடினால்தான் வினை. பாட்டு அங்கே நின்றுகொண்டிருக்கும், ராகவன் அடுத்த வரிக்குப் போயிருப்பான். ஸ்ருதி சேர்க்கக் கூட வந்திருந்த வைஜயந்தி அப்போது அவன் தோளில் லேசாகத் தொடுவாள். அவன் நிறுத்திச் சமாளிப்பான்.

மாடிப்படியில் அருள்நாதன் அவளைத் தனியாக நிறுத்தினான். "சிஸ்டர், மேடையில நீங்க தோளைத் தொட முடியாதே."

"அவர்கிட்ட நீங்க சொல்லுங்கோ."

"என்னால முடியல சிஸ்டர். அந்த வாத்தியத்தை எப்படிப் பண்ணினார்னு நான் கூட இருந்து பார்த்தவன்."

இரண்டு பேருமே சொல்லவில்லை.

வையம்பட்டியில் அம்மாசி என்ற கடலை வியாபாரி வீட்டுக் கல்யாணம். எண்ணெய் பீப்பாய்கள் மேல் பலகை அடுக்கிப் பெரிய மேடை போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஒலிபெருக்கிப் பெட்டியை மேடைக்குக் கீழே, மண்ணில் வைத்துவிட்டார்கள். ராகவன் காலை அழுத்தி அழுத்திப் பார்த்தான். ஜமுக்காளம்தான் தட்டுப்பட்டது.

மூன்றாவது பாட்டில் மணப்பெண் சிரித்தாள். அதைப் பார்த்த சகாயநாதன் உற்சாகமாகி அதே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் பாட ஆரம்பித்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். ராகவன் பல்லவியை முடித்துச் சரணத்துக்குப் போய்விட்டான்.

"யோவ், அந்தத் தடிக் கிடாரு தனியாப் போவுது பாரு!" என்று முன்வரிசையில் யாரோ கத்தினார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போயிற்று.

ராகவனுக்குச் சிரிப்பு கேட்கவில்லை. வாய்கள் திறந்திருப்பது தெரிந்தது. பிருடை நழுவிவிட்டதோ என்று குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அருள்நாதனின் கண்ணைப் பார்த்தான், பிறகு தபலாக்காரனை. எல்லோரும் அவனுக்காக நிறுத்தியிருந்தார்கள். அவன் கிடாரைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, மேடைப் பின்பக்கமாக இறங்கி, மறைப்புக்குப் பின்னால் நின்ற வைஜயந்தியைத் தாண்டிப் போனான். அவள் "ஏன்னா" என்றது அவனுக்குக் கேட்டிருக்காது.

ரோட்டோரம் ஒரு டீக்கடை. அங்கே நின்றான். வெறும் தபலாவும் பாட்டும் மங்கலாக வந்தன. கொஞ்ச நேரத்தில் கீழ் ஸ்வரங்கள் கிளம்பின. அவன் செய்த வாத்தியம்தான், சந்தேகமில்லை. அருள் எடுத்து வாசிக்கிறான் என்று நினைத்தான். ஆனால் அருளின் கை அவனுக்குத் தெரியும். இது நிதானமாக, பாட்டுக்கு அரை மூச்சு முன்னால் போய்க் காத்திருந்து, கூட்டிக்கொண்டு போகிற கை. திரும்பி நடந்து, மறைப்புத் துணியின் இடைவெளியில் பார்த்தான்.

வைஜயந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகி, கிடாரை மடியில் சாய்த்து, தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முன்வரிசைச் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ராகவன் அங்கே நிற்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டான்.

விடியும்போது வேன் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. ராகவன் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். அவள் கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"கல்யாண வீடு. பாதியில நிறுத்த முடியலை" என்றாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"என்னது?"

"நான் இதுக்கு லாயக்கில்லைன்னு. உனக்கும் அருளுக்கும்."

அவள் பொய் சொல்லவில்லை. "ஒத்திகையிலேயே தெரியும். சொல்ல மனசு வரலை."

"வாசிக்க மட்டும் மனசு வந்துதா?"

"வந்துது" என்றாள் அவள். "முதல் பாட்டு பயத்துல வாசிச்சேன். ரெண்டாவது பாட்டுல சந்தோஷமா இருந்தது. அதுக்கு நான் என்ன பண்றது? நீங்க வெளியில எங்கேயோ நிக்கறேள்னு தெரிஞ்சும் சந்தோஷமா இருந்தது."

அவன் கிடாரை எடுத்தான். நாலு பிருடைகளையும் தளர்த்தி, நாலு கம்பிகளையும் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டான். அவள் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

பெரியப்பா சௌரிராஜனுக்குச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. கோயிலிலிருந்து வந்தவர் வாசலில் நின்றபடியே கேட்டார்: "ஏண்டா, நம்மாத்துப் பொண் வையம்பட்டியில கூத்து மேடை ஏறினாளாமே? பெருமாள் சந்நிதியில என் முகத்தை எங்கே வெச்சுக்கறது?"

"உங்க முகத்தை அங்கேயே வெச்சுக்குங்கோ" என்றான் ராகவன். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவனுக்கே புரியவில்லை. அவளிடம் கோபமாகத்தான் இருந்தான்.

பட்டறைக்குப் போனான், வந்தான், நடந்தான். முன்பு போன பஸ்களில் எல்லாம் மறுபடி போனான். அருள்நாதன் வந்து, தென்னூரில் ஒரு கச்சேரி இருக்கிறது என்று இழுத்தான். "சார், தப்பா நினைக்காதீங்க, சிஸ்டர் வந்தாங்கன்னா..." ராகவன் எழுந்து வெளியே போய்விட்டான். வைஜயந்தி அருள்நாதனிடம், "அவர் பண்ணின வாத்தியம். அவர் கொடுத்தா வரேன்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்குப் போனான். மதகுகளில் ஆடித் தண்ணீர் இடித்துக்கொண்டு இறங்கியது. அந்தக் கனத்த சத்தம் அவனுக்கு முழுசாகக் கேட்கும், ரீங்காரத்தையும் அமுக்கிவிடும். எப்போதும் அங்கே அரை நாள் நிற்பவன். அன்றைக்கு நிற்கக் கால் வரவில்லை. குடும்பம் குடும்பமாகப் புளியோதரையைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் தாண்டிப் போய், வந்த பஸ்ஸிலேயே திரும்பினான்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே நுழைந்தான். கூடத்துத் தரையில் வைஜயந்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பியில்லாத கிடார். வலது கை வெறும் காற்றை மீட்டியது. இடது கை மெட்டு மெட்டாக ஏறி இறங்கியது. கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, தோள் அசைந்தது. ஓரிடத்தில் அவள் விரல் எட்டவில்லை. அந்தத் தடித்த கழுத்தைச் சுற்றிக் கட்டைவிரலை நகர்த்தி, மணிக்கட்டை முறுக்கி, மறுபடி முயன்றாள். எட்டவில்லை. கையை உதறிவிட்டு மறுபடி.

ராகவன் பின்னால் நின்று பார்த்தான். அவள் என்ன பாட்டு வாசிக்கிறாள் என்று அவனுக்கு விரலைப் பார்த்தே தெரிந்தது. எங்கே நிறுத்துகிறாள், எங்கே காத்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. வயலினை மூடி வைத்த பிறகு, இருட்டில் படுத்துக்கொண்டு தொடைமேல் விரலை ஓட்டிய நாட்கள் அவனுக்கு இருந்தன. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. இவளுடைய வழியை அலமாரியில் பூட்டி, சாவியை மார்பில் போட்டுக்கொண்டு திரிகிறவன் அவனேதான்.

அலமாரியைத் திறக்கிற அசைவில் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கிடாரைக் கீழே வைக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்றான். எதிரில் உட்கார்ந்து கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான். "எந்த இடம் எட்டலை?"

"எல்லாம் எட்டறது."

"பொய் சொல்லாதே. பார்த்துண்டுதான் இருந்தேன்."

அவள் நாலாவது மெட்டுக்குப் பக்கத்தைக் காட்டினாள். "இங்கே. எனக்குக் கை சின்னது. இது உங்க கைக்குப் பண்ணினது."

"கையை நீட்டு."

அவள் இடது கையை நீட்டினாள். விரல்நுனிகளில் இருந்த காய்ப்பை அவன் அப்போதுதான் பார்த்தான். கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். வெகு நேரம் கையை விடவில்லை.

"எனக்கு இன்னும் கோபம் போகலை" என்றான்.

"தெரியறது."

"உன்மேல இல்லை."

"அதுவும் தெரியறது. ஆனா என்மேலேதானே காட்டறேள்?"

அவன் தலையை ஆட்டினான். பிறகு எழுந்து பென்சிலும் காகிதமும் கொண்டுவந்து, அவள் உள்ளங்கையை விரித்துச் சுற்றி வரைந்துகொண்டான்.

கழுத்தை இளைக்க முடியாது, உள்ளே பட்டை இருக்கிறது. புதிதாகத்தான் செய்ய வேண்டும். பாதி அகலத்தில் வேறு பட்டை தேடினான். அவள் கையின் படத்தைக் கிணற்றடி மேஜையில் ஆணியடித்து வைத்துக்கொண்டு, செதுக்கினான், சுரண்டினான், கூப்பிட்டுப் பிடித்துப் பார்க்கச் சொன்னான். "இன்னும் கொஞ்சம்" என்பாள். மறுபடி சுரண்டுவான். நடுவில் எழுந்து அம்மாமண்டபம் வரை நடந்துவிட்டு வருவான். அந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை.

தென்னூர்க் கச்சேரிக்கு அவளை அவனே அழைத்துக்கொண்டு போனான். பெரியப்பா அதற்கப்புறம் நெடுநாள் அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தெருவிலும் மடத்திலும் பேசாத பேச்சில்லை. வைஜயந்திக்கு அது வலித்தது, கோயிலுக்கு வேறு வழியாகச் சுற்றிப் போனாள். ஆனால் கச்சேரிக்குப் போவதை நிறுத்தவில்லை. பிற்பாடு கரூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் குழுக்காரர்கள் ராகவனிடம் வந்து தங்களுக்கும் அப்படி ஒன்று செய்து தரச் சொன்னார்கள். எல்லோரிடமும் அவன் முதலில் சொன்னது ஒன்றுதான்: "வாசிக்கப் போறவர் வரட்டும். கையைப் பார்க்கணும்."

அந்தத் தென்னூர்க் கச்சேரியில் அவள் மேடையேறுமுன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒலிபெருக்கிப் பெட்டியை மண்ணில் வைக்கவிடாமல், பலகை போட்டு அதன் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான் அவன். வைத்து முடித்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, "ஆரம்பி" என்று தலையசைத்தான்.